அப்பத்தாவின் பாதங்கள்: முதுமையில் பாதயாத்திரை பற்றி ஓர் உடலியல் நோக்கு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

முன்னுரை

தமிழில் ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகை உண்டு. பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வரும் வறியவருக்குத் தாம் சென்று வந்த வழியை எடுத்துக் கூறுவது அதன் இலக்கணம் என்று நாம் பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையில் கூறப்படும் படைவீடுகளுள் திருவாவினன்குடியும் ஒன்று. அது இன்றைய பழனி மலையின் அடிவாரத்தில் உள்ளது. அந்தப் பழனிக்கு நானும் என் அப்பத்தாவும் இரண்டு முறை நடையாகப் புறப்பட்டோம். முதல் முறை பாதி வழியில் திரும்பினோம். இரண்டாம் முறை போய்ச் சேர்ந்தோம். இரண்டு பயணங்களுக்கும் இடையில், வகுப்பறையில் படித்த உடலியல் பாடம் எனக்கு உண்மையில் விளங்கியது. வயதான காலத்தில் நெடுந்தூரம் நடக்க விரும்பும் பெரியவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்குத் துணையாகச் செல்லப்போகும் மாணவ நண்பர்களுக்கு இக்கட்டுரை ஒரு சிறு ஆற்றுப்படையாகப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பழனிப் பாதை

தை மாதத்தில் பௌர்ணமியை ஒட்டிப் பூச நட்சத்திரம் வரும் நாள் தைப்பூசம். அந்நாளில் பழனியைச் சென்றடையும் வண்ணம் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் நடந்து வருகின்றனர். செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியிலிருந்து காவடிகளுடன் நடந்து செல்லும் வழக்கம் பல தலைமுறைகளாக நடந்து வருவது. அவர்கள் செல்லும் திசையிலேயே எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் செல்கிறார்கள். எங்கள் ஊர் சிங்கம்புணரிக்கு அருகில் உள்ளது. அங்கிருந்து கொட்டாம்பட்டி, சமுத்திராப்பட்டி, நத்தம், கோபால்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பழனி. மொத்தம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்.

இவ்வூர்ப் பெயர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில் ‘சத்திரம்’ என்ற சொல் மூன்று ஊர்களின் பெயரில் திரும்பத் திரும்ப வருகிறது. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். இடையிடையே தங்கித் தங்கித்தான் இப்பாதையில் நடக்க வேண்டும் என்பதை ஊர்ப் பெயர்களே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

காலமும் பொருத்தமானதே. தை மாதத்தில் பகல் வெயில் கடுமையாக இராது. சம்பா அறுவடை ஓரளவு முடிந்து கையில் சிறிது ஓய்வும் இருக்கும். பூசத்தை நெருங்க நெருங்க நிலவு வளர்வதால் இரவு நடைக்கு வெளிச்சமும் கிடைக்கும்.

முதுமையில் நெடுநடை போகும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்திற்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஜப்பானின் ஷிக்கோக்குத் தீவில் 88 கோயில்களைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஐரோப்பாவில் பிரெஞ்சு எல்லையிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ நகர் வரை ஏறத்தாழ 780 கிலோமீட்டர். இவ்வழிகளிலெல்லாம் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நடக்க வருவோர் பலர். வேண்டுதல் எதுவும் இன்றி, நடையின் மீதுள்ள விருப்பத்தால் மட்டும் நடந்தவர்களும் உண்டு. எம்மா கேட்வுட் என்னும் அமெரிக்க மூதாட்டி 1955-ஆம் ஆண்டில், தம் 67-ஆம் வயதில், சாதாரணக் கான்வாஸ் காலணியுடன் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியே நடந்து முடித்தார். ஆகவே முதுமை நடைக்குத் தடை என்று யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த உடல், எந்த ஆயத்தத்துடன் நடக்கிறது என்பதே கேள்வி.

வேண்டுதல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். அப்பத்தா பள்ளிக்கே போகாதவர். நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு என்று ஐம்பது ஆண்டுகள் செருப்பில்லாமல் வயலில் உழைத்தவர். நான் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியபோது, “பேத்தி காலேசுல சேந்துட்டா வெறுங்காலோட நடந்தே வந்து கும்புடுறேன்” என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாராம். 2023-ஆம் ஆண்டு எனக்கு இக்கல்லூரியில் இடம் கிடைத்தது. 2024 சனவரியில் அப்பத்தா மாலை போட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருபவர். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பயனாக மாத்திரை வீட்டிற்கே வந்துகொண்டிருந்தது.

எனக்கு மனத்தில் அச்சமே. ஆனால் வேண்டுதல் எனக்காகச் செய்தது. வேண்டாம் என்று சொல்ல நா எழவில்லை. “நானும் கூட வாரேன் அப்பத்தா” என்று மட்டும் சொன்னேன்.

“நீ வந்து என்னாத்தா பண்ணப் போற? ஒம் படிப்புல என் காலப் பத்தி ஏதாச்சும் சொல்லிருக்கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்தப் பருவத்தில்தான் நரம்பு மண்டலம் பற்றிப் படித்திருந்தேன். நரம்பணுவின் படம் வரைந்து பாகங்களைக் குறித்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். அப்பத்தாவின் கேள்விக்கு அப்போது நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை.

முதுமையும் நடையும்

நடக்கும்போது முதியவர் உடலில் நிகழ்வன யாவை என்பதை முதலில் காண்போம்.

முப்பது வயதைக் கடந்த பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் மனிதத் தசையின் அளவு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அறுபதுக்குப் பின் இக்குறைவு விரைவுபடுகிறது. இதயத்தின் உச்சத் துடிப்பும் குறைகிறது. 220-லிருந்து வயதைக் கழித்தால் ஒரு நிமிடத்திற்கான உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும் என்பர். எனக்கு அது 200, அப்பத்தாவுக்கு 157. நாங்கள் இருவரும் ஒரே வேகத்தில் நடந்தால் அவருடைய இதயம் என்னுடையதைவிடத் தன் எல்லைக்கு அருகில் உழைக்கும் என்பது இதனால் தெளிவாகும்.

அடுத்தது காலடியின் நீளம். ஊர்க் கண்மாய்க் கரையில் அளந்து பார்த்தேன். என் எட்டு 70 சென்டிமீட்டர், அப்பத்தாவின் எட்டு 55 சென்டிமீட்டர். 125 கிலோமீட்டரைக் கடக்க எனக்கு ஏறத்தாழ 1,79,000 எட்டுகள் வேண்டும். அவருக்கு 2,27,000 வேண்டும். பாதை ஒன்றாயினும் பேத்தியைவிடப் பாட்டி 48,000 எட்டுகள் கூடுதலாக வைக்கிறார். ஒவ்வோர் எட்டிலும் உடலின் முழு எடையும், சற்று அதற்கு மேலும் ஒற்றைப் பாதத்தில் இறங்குகிறது.

நன்மையும் உண்டு. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலிலுள்ள சிரை இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இதனால் அத்தசையை இரண்டாம் இதயம் என்று கூறுவர். மேலும் உழைக்கும் தசை இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிக்கு நடை மருந்தாவது இதனால்தான். ஆனால் இதே காரணத்தால் ஓர் ஆபத்தும் உண்டு. சிலவகை மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு, விரதம் என்று உணவைக் குறைத்து, பல மணிநேரம் நடந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நடத்திச் செல்ல ஏறத்தாழ முக்கால் கிலோகலோரி செலவாகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் 18 கிலோமீட்டர் நடந்தால் 675 கிலோகலோரி ஆகிறது. அதை ஈடுசெய்ய நேரந்தவறாத உணவு வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுமையில் தாக உணர்ச்சி மங்குகிறது. உடலில் நீர் குறைந்தாலும் தாகம் எடுப்பதில்லை. இதற்கு மேல், பாதயாத்திரை வரும் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைத் தவிர்ப்பதை நான் கண்டேன். வழியில் ஒதுங்க இடமில்லை என்பதே காரணம். அன்னதானப் பந்தல்கள் சாலை நெடுகிலும் இருக்கின்றன. பெண்களுக்கான கழிப்பறைகள் அரிதாகவே கண்ணில் பட்டன. சோறிடும் கைகள் இதையும் எண்ணிப் பார்த்தால் மிகப் பெரிய தருமமாக அமையும்.

கோபால்பட்டியில் நேர்ந்தது

2024-இல் எங்கள் குழுவில் முப்பது பேர். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வெயில் ஏறும் வரை நடப்போம். நண்பகலில் மரத்தடியிலோ மண்டபத்திலோ படுத்திருந்து, மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணி வரை நடப்போம். மூட்டைகள் சின்ன யானை வண்டியில் முன்னே சென்றுவிடும்.

முதல் இரண்டு நாட்களில் என் பாதங்கள் கொப்பளித்துவிட்டன. நொண்டி நொண்டி நடந்தேன். அப்பத்தாவோ வெறுங்காலுடன் நேராக நடந்தார். “எனக்கு ஒரு வலியுமில்ல. முருகன் தூக்கிட்டுப் போறான்” என்று எல்லோரிடமும் சொன்னார். குழுவிலிருந்தோர் அவரை வியந்து வணங்கினர். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் இரவு கோபால்பட்டிக்கு அருகில் ஒரு மண்டபத்தில் தங்கினோம். அப்பத்தா குளிக்கப் போய்த் திரும்பி வந்தபோது சிமெண்டுத் தரையில் ஒற்றைக் காலின் தடம் மட்டும் கறுப்பாகப் பதிந்துகொண்டே வந்தது. ஈரம் என்று எண்ணினேன். கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். இரத்தம்.

வலது பாதத்தில் பெருவிரலின் அடியில், பித்தவெடிப்புகளுக்கு நடுவே, நகம் அளவு புட்டிக் கண்ணாடிச் சில்லு ஒன்று புதைந்திருந்தது. “எப்பக் குத்துச்சு அப்பத்தா?” என்று கேட்டேன். “குத்துனா தெரியாதா? எனக்கு ஒண்ணும் குத்தலயே” என்றார். அன்று மாலை நடை தொடங்கும் முன் அவர் கால் கழுவியபோது காயம் இல்லை. மாலை ஒன்பது கிலோமீட்டர் நடந்திருந்தோம். தொடக்கத்திலேயே குத்தியிருந்தால், அந்தச் சில்லின் மேல் அவர் எட்டாயிரம் முறை தம் முழு எடையையும் வைத்திருக்கிறார்.

அவ்வழியே இருந்த மருத்துவ முகாமில் ஒரு செவிலியர் காயத்தைத் துடைத்துக் கட்டிவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொன்னார். மறுநாள் காலை திண்டுக்கல்லில் ஒரு மருத்துவர் பரிசோதித்தார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் பத்து இடங்களில் தொட்டு, “தெரியுதாம்மா?” என்று கேட்டார். அந்த இழை 10 கிராம் விசையில் வளைந்துவிடும். வளைந்த பின் அழுத்தம் கூடுவதில்லை. அந்த அழுத்தத்தை உணரும் பாதம் தன்னைக் காத்துக்கொள்ள வல்லது என்பது கணக்கு. கண்ணை மூடியிருந்த அப்பத்தா நான்கு இடங்களில் மட்டும் “தெரியுது” என்றார். ஆறு இடங்களில், இழை வளைந்து நின்றபோதும், “இன்னும் தொடலயா சார்?” என்று கேட்டார்.

காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் பேருந்தில் ஊர் திரும்பினோம். சன்னலோரம் உட்கார்ந்து, எதிரே நடந்து வந்த கூட்டங்களைப் பார்த்து அப்பத்தா அழுதுகொண்டே வந்தார். எட்டு ஆண்டுகளாக அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு நாளும் அவருடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய பாடம் என் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்ததை நான் அறியவில்லை. காயம் ஆற ஏழு வாரங்கள் ஆயின.

வலி என்னும் காவல்

ஊர் திரும்பிய பின் இதைப்பற்றி நூலகத்திலும் ஆசிரியர்களிடமும் தேடிப் படித்தேன். இடுப்பிலிருந்து கால் விரல் வரை செல்லும் நரம்பிழைகள் உடலிலேயே மிக நீளமானவை. ஏறத்தாழ ஒரு மீட்டர். இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால் இவ்விழைகளும், இவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சேதமுறுகின்றன. நீளமான இழையே முதலில் பாதிக்கப்படுவதால் விரல் நுனியில் தொடங்கும் மரத்த தன்மை, காலுறை அணிவதுபோல் மேல்நோக்கிப் பரவுகிறது. வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் நரம்பும் செயலிழப்பதால் தோல் உலர்ந்து வெடிக்கிறது. அப்பத்தாவின் பித்தவெடிப்பை நாங்கள் வயல்வேலையின் அடையாளம் என்றே எண்ணியிருந்தோம்.

இத்துறையில் நாம் அறிய வேண்டியவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று அந்நாளில் நம்பினர். அவரோ நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கவனித்து, உணர்ச்சி அற்றுப்போன கைகால்களில் தீக்காயமும் வெட்டுக்காயமும் கவனிப்பாரின்றிப் பெருகுவதே இந்த அழிவுக்குப் பெருங்காரணம் என்று கண்டார். பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் இதே நிலைமை இருப்பதை எடுத்துக்காட்டினார். 2003-இல் மறைந்தார்.

அவர் வலியுறுத்திய ஓர் உண்மை பாதயாத்திரைக்கு மிகவும் பொருந்துவது. நல்ல உணர்ச்சியுள்ளவர் நெடுந்தூரம் நடக்கையில், அவர் அறியாமலே நடையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பார். குதிகால் வலித்தால் விரலுக்கும், விரல் வலித்தால் ஓரத்துக்கும் பாரம் மாறும். நொண்டுவதும் ஒரு பாதுகாப்பே. உணர்ச்சியற்ற கால் அவ்வாறு மாற்றிக்கொள்வதில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை அடி வாங்குகிறது. முதல் இரண்டு நாள் நான் நொண்டியதும் அப்பத்தா நேராக நடந்ததும் எதனால் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் வலி என்னைக் காத்தது. அவருக்கு அந்தக் காவல் போய்விட்டிருந்தது.

வலியைப் பொறுத்துக்கொள்வதே பக்தி என்று நம்மில் பலர் கருதுகிறோம். வலி இல்லாமையை அருள் என்றும் கருதுகிறோம். எவருடைய நம்பிக்கையையும் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் வயதானவரும் சர்க்கரை நோயாளியுமான ஒருவர் “வலியே இல்லை” என்று சொன்னால், உடன் வருபவர் உடனே உட்காரவைத்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

ஓராண்டு ஆயத்தம்

“அடுத்த வருசம் போவோம்” என்று அப்பத்தாவே சொன்னார். நான் மூன்று நிபந்தனைகள் வைத்தேன். மருத்துவர் சம்மதிக்க வேண்டும். மூன்று மாதம் பழக வேண்டும். செருப்புப் போட வேண்டும். முதலிரண்டுக்கும் இசைந்தார். மூன்றாவதற்கு இசையவில்லை. வெறுங்காலோடு என்றுதானே வேண்டுதல்!

தொழுநோயாளிகளின் பாதம் காக்க வேலூரில் மெத்தென்ற நுண்ணறை ரப்பரைக் கொண்டு செருப்புச் செய்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அது கிடைக்கிறது. பின்பக்கம் வாரிட்ட ஒரு சோடியை அப்பா வாங்கி வந்தார். ஒரு மாதம் அது திண்ணையில் கிடந்தது. ஒரு நாள் அப்பத்தா தாமாகவே அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, “காவடி உறுத்தாம இருக்கத் தோளுல துண்டு மடிச்சுப் போடுறாகல்ல, அதுமாதிரி இது என் காலுக்குன்னு நெனச்சுக்கிறேன்” என்றார். எங்கள் குழுவின் குருசாமியும், “நல்லபடியா வந்து சேருறதுதான் வேண்டுதல், ஆத்தா” என்று கூறி ஆதரித்தார்.

மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மருத்துவரே மாற்றி எழுதித் தந்தார். ஐப்பசி முடிவில் கண்மாய்க் கரையில் இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டி, தை பிறக்கும்போது பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கலானார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து தொடை வலுப்பெறப் பழகினார். வயதானவரின் தசையும் பயிற்சியால் வலுப்பெறும் என்பதற்குச் சான்று உண்டு. 1990-இல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆகிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக இருமடங்குக்கு மேலாயிற்று. 64 வயது அப்பத்தாவுக்கு அது முடியாதா?

இரண்டாம் பயணம்

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11 அன்று. நாங்கள் 4-ஆம் தேதி அதிகாலை புறப்பட்டோம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை உட்காருவோம். செருப்பையும் காலுறையையும் கழற்றுவோம். காலுறை வெள்ளைப் பருத்தி. இரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளையில் உடனே தெரிந்துவிடும். செருப்பைக் கவிழ்த்துத் தட்டிக் கல் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு என் புறங்கையை அவருடைய இரு பாதங்களிலும் வைத்து வெப்பத்தை ஒப்பிடுவேன். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே திசு நசுங்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். வலி சொல்லாததை வெப்பம் சொல்லும். இதுவும் பால் பிராண்ட் கையாண்ட முறையே.

திண்டுக்கல்லைத் தாண்டினோம். ஒன்பதாம் தேதி காலை ஒட்டன்சத்திரத்தை நெருங்கும்போது இடது குதிகால் வலதைவிடத் தெளிவாகச் சுட்டது. தோல் சிவந்திருந்தது, கிழியவில்லை. அப்பத்தாவுக்கு எந்த வலியும் இல்லை. பழனி இன்னும் முப்பது கிலோமீட்டருக்குள். நடந்தால் பூசத்திற்கு முன்பே போய்விடலாம். குழு போய்க்கொண்டே இருந்தது.

நான் சொல்லத் தயங்கினேன். அவரே என் கையைப் பார்த்தார். “சுடுதா?” என்றார். “சுடுது அப்பத்தா” என்றேன். சற்று நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப ஒக்காருவோம். அவன் எங்க போகப் போறான்? மலமேலதான நிக்கிறான்” என்றார்.

சாலையோரம் ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் தந்தார்கள். ஒன்றரை நாள் அங்கே கால்நீட்டி இருந்தோம். சிவப்பு தணிந்து, இரு பாதங்களும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு மெதுவாகப் புறப்பட்டோம். பூசத்தன்று தேரோட்டம் நடந்தபோது நாங்கள் சத்திரப்பட்டிப் பக்கம் இருந்தோம். மறுநாள் 12-ஆம் தேதி பழனி சேர்ந்தோம். விழா இன்னும் முடிந்திருக்கவில்லை. படிகளை விட்டுச் சாய்வான யானைப் பாதையில் ஏறினோம். இறங்குவதற்கு இழுவை ரயிலில் வரிசையில் நின்றோம். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்கு அதிகச் சிரமம் தருவது.

அடிவாரத்தில் செருப்பைக் கழற்றியபோது அப்பத்தா பாதங்களைத் தாமே திருப்பி எனக்குக் காட்டினார். ஒரு காயமும் இல்லை.

துணை செல்வோர் கவனத்திற்கு

1. புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே மருத்துவரிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், பாத உணர்ச்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாத்திரையை நாமாக மாற்றலாகாது.

2. தூரத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பழக வேண்டும். புதுச் செருப்பைப் பயணத்தன்று முதன்முதலாக அணியக் கூடாது.

3. குழுவின் வேகம் அதில் மிகவும் மெதுவாக நடப்பவரின் வேகமாக இருக்க வேண்டும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அது சரியான வேகம்.

4. தாகம் எடுக்காவிட்டாலும் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளானால் நீர் போதவில்லை என்று அறியலாம்.

5. சர்க்கரை நோயாளியின் மடியில் வெல்லக் கட்டியோ மிட்டாயோ எப்போதும் இருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டால் உடனே கொடுக்க வேண்டும்.

6. இரவில் ஒளிரும் பட்டை அணிந்து, எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி சாலையின் வலப்புறம் நடக்க வேண்டும்.

7. நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு அறிய வேண்டும். மார்பு வலியோ மூச்சுத் திணறலோ தோன்றினால் அத்துடன் நடையை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

முடிவுரை

“ஒம் படிப்புல என் காலப் பத்தி ஏதாச்சும் சொல்லிருக்கா?” என்ற கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். சொல்லியிருக்கிறது, அப்பத்தா. நான்தான் அதை உங்கள் காலோடு சேர்த்துப் படிக்கவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நம்மைப் படிக்கவைப்பதற்காக வெறுங்காலுடன் நடந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பட்டம் வாங்கும்வரை காத்திராமல், இன்று மாலை வீடு திரும்பியதும் அவர்களை ஒரு விளக்கின் அருகே உட்காரவைத்து அவர்களுடைய பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். அதன் பிறகு அவர்கள் எந்த ஊருக்கு நடந்தாலும் அச்சமின்றித் துணை செல்லலாம்.